அத்திப்பள்ளிக்குப் போன ஃபியூஸ் கட்டை

18 ஆகஸ்ட் 1985, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து கறியைக் கழுவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் நாராயணப்பன் வந்தார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அத்திப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலில் நின்று, எப்போது காலி பண்ணுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போவார். இன்று கேட்கவில்லை. நேரே மீட்டர் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பெட்டியைச் சாத்திப் பூட்டும் போட்டார்.

"நோடம்மா, கம்பெனிப் பசங்க அஞ்சு பேரு வரோம்னு நிக்கறாங்க. தலைக்கு இவ்ளோன்னு குடுப்பாங்க. நீங்க ரெண்டே பேரு இருந்துகினு என்னா குடுக்கறீங்க? காலி பண்ணுங்க, கட்டையத் தரேன்" என்றார். பிறகு, வந்தது வந்தோம் என்று ஒரு தம்ளர் தண்ணீரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

கரண்ட் இல்லை என்றால் போர்க்கிணற்று மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை. அவர் குடித்தது பானையில் இருந்த கடைசித் தண்ணீர். அதையும் நான்தான் மொண்டு கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

19 ஆகஸ்ட், திங்கள்

கம்பெனியில் என் வேலையே ஃபியூஸ் கட்டை சோதிப்பதுதான். வெள்ளைப் பீங்கான், பித்தளை நாக்கு, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். நாள் முழுக்க அதைத் தொட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றினேன். சிரிப்பு வந்தது. கணவர் சிரிக்கவில்லை.

ப்ரெஸ் மெஷின் பாதத்தை நசுக்கின நாளிலிருந்து இவருக்குத் தடி ஊன்றித்தான் நடை. மாடி வீடு ஆகாது. தூரத்திலிருந்து தண்ணீர் சுமக்க முடியாது. தரையோடு இருக்கிற வீடாக ஓசூரில் எத்தனை தேடிவிட்டோம்! கம்பெனிகள் வந்த பிறகு வாடகை எங்கேயோ போய்விட்டது. அப்படியே படிந்து வந்தாலும், "நீங்க வேதக்காரங்களா? கறி சமைப்பீங்களா?" என்று கேட்பார்கள். பொய் சொல்ல வராது. இந்த வீட்டை விட்டால் எங்களுக்கு ஓசூரே இல்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

பக்கத்து வீட்டு சுக்ரா கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "எங்க தொட்டியில வேணும்கற அளவு எடுத்துக்கங்கக்கா" என்றாள். அவள் கணவர் சாந்த் பாஷா பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறார். கேஸ் போடுங்கள், ஃபியூஸைப் பிடுங்கினதை நான் கண்ணால் பார்த்தேன், கோர்ட்டில் வந்து சொல்கிறேன் என்றார். திருநெல்வேலியில் கூடப் பிறந்தவர்கள் இருக்கிறார்கள், ஒரு கார்டு போட ஆள் கிடையாது. இவர்கள் யாரோ எவரோ.

26 ஆகஸ்ட், திங்கள்

லீவு போட்டு வக்கீல் வெங்கடப்பனைப் பார்த்தேன். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் ஸ்டாம்பு. மனுவுக்கு ஒரு ஸ்டாம்பு, வக்காலத்துக்கு ஒரு ஸ்டாம்பு, மூன்று நகல் டைப் அடிக்கிற கூலி, எதிராளிக்கு நோட்டீஸ் கொண்டுபோகிற அமீனாவுக்குப் பேட்டா. குடியிருப்பவருக்குக் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை என்று சட்டமே இருக்கிறதாம். கேட்கக் கேட்கத் தெம்பாக இருந்தது.

"நானே ஒரு கட்டை வாங்கி மாட்டிக்கட்டுமா சார்? எனக்கு அது தெரியும்" என்றேன்.

"பூட்டை ஒடச்சிட்டா மாட்டுவீங்க? கரண்ட் திருடினாங்கன்னு ஒங்க மேலயே கேஸ் திரும்பும். தொடாதீங்க. அந்த ஆளோட பேச்சும் வச்சிக்காதீங்க. வாடகைய மணியார்டர்ல அனுப்புங்க" என்றார்.

நாக்கு உடைந்த கட்டைகளைக் கம்பெனியில் எடைக்குப் போடுகிறார்கள், ஒன்று இருபத்தைந்து பைசா பெறாது. அதற்கு இவ்வளவு ஸ்டாம்பா?

17 செப்டம்பர், செவ்வாய்

முதல் வாய்தா. அரை நாள் சம்பளம் போச்சு. நாராயணப்பன் வரவில்லை. நோட்டீஸ் அவருக்குச் சேரவே இல்லையாம். அத்திப்பள்ளி கர்நாடகம். நம் கோர்ட் அமீனா சூசுவாடி செக்போஸ்டைத் தாண்டி நோட்டீஸ் கொடுக்க முடியாது. இங்கிருந்து அந்தப் பக்கத்து ஆனேக்கல் கோர்ட்டுக்குப் போய், அவர்கள் ஆள் அதைக் கொண்டுபோய், "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதித் திருப்பி, அது இங்கே வந்து சேர வேண்டும். மறுபடி பேட்டா கட்டச் சொன்னார்கள். கட்டினேன்.

எட்டு கிலோமீட்டர் தூரம். டவுன் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும்.

22 செப்டம்பர், ஞாயிறு

வந்தார். திட்டினார். போனார். மணியார்டரும் திரும்பி வந்திருக்கிறது, வாங்க மறுப்பு என்று.

13 அக்டோபர், ஞாயிறு

இன்று ஒரு கூத்து. நாராயணப்பன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் பின்பக்கமாக ஓடி, ரிக்‌ஷா பிடித்து, கோர்ட் அமீனா முனிவேல் வீட்டுக்குப் போனேன். பனியனோடு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, ஆள் இங்கேயே நிக்காரு. ஒங்க ஊர்லதான் நிக்காரு. வந்து கையில குடுத்திருங்க" என்று கும்பிட்டேன்.

பாவம், கோபப்படவில்லை. "நோட்டீஸு என்கிட்ட எங்கம்மா இருக்குது? ஆனேக்கல் கோர்ட்டுக்குப் போயிருக்குது. அப்பிடியே இருந்தாலும் ஞாயித்துக்கெழம குடுத்தா செல்லாதும்பாங்க. வார நாள்ல வரச் சொல்லுங்க, நான் வரேன்" என்றார்.

வரச் சொல்லவாம்! நோட்டீஸ் வாங்கிக்கொள்ள வாருங்கள் என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கட்டுமா?

திரும்பி வந்தபோது அவர் போய்விட்டார். இவர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். கால் சரியில்லாதவனுக்கு எதற்குத் தனி வீடு என்று கேட்டாராம். இவர் அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு எவரை அடிக்கிறது என்று தெரியவில்லை. சட்டியைப் போட்டு உடைத்தேன். நம் சட்டிதான்.

12 நவம்பர், செவ்வாய்

வாய்தா. நோட்டீஸ் மறுபடி திரும்பியது. "வெளியூர் போயிருக்கிறார்." எந்த வெளியூர்? எங்கள் வாசல்தான் அவருக்கு வெளியூர். பேப்பரில் விளம்பரம் போடலாம், அதற்குத் தனி மனு, தனி ஸ்டாம்பு, பேப்பர்காரன் கேட்பது தனி என்கிறார் வக்கீல். அவ்வளவுக்கு எங்கே போக?

தோள்பட்டையில் வலி. ஷிப்ட் முடிந்து தண்ணீர் சுமந்து சுமந்து வலது பக்கம் இறங்கிப்போயிற்று. சூப்பர்வைசர்கூடக் கேட்டான்.

15 டிசம்பர், ஞாயிறு

வழக்காடுகிறவனோடு கோர்ட்டுக்குப் போகிற வழியிலேயே சமாதானமாகிவிடு என்று போதகர் பிரசங்கம் பண்ணினார். எங்கள் வீட்டு விஷயம் யார் சொன்னார்கள் அவருக்கு? இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மத்தியானம் இருவருமாகச் சுண்ணாம்பு கலக்கி வீட்டுக்கு வெள்ளையடித்தோம். எட்டாத இடத்தை நான், எட்டுகிற இடத்தை இவர். கேஸ் நடந்தால் கிறிஸ்மஸ் வராமல் போகுமா?

24 டிசம்பர், செவ்வாய்

அத்திப்பள்ளி போய்வந்தேன்.

வந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வீட்டுக்காரருக்குப் பலகாரத் தட்டு கொண்டுபோவது வழக்கம். பேசக் கூடாது என்று வக்கீல் சொன்னார்தான். பலகாரம் கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லையே. அதிரசம், முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் சுட்டது, கொஞ்சம் கறுப்பு. பரவாயில்லை.

பயந்துகொண்டேதான் போனேன். வீட்டுக்காரர் மனைவி ராமக்கா கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். காபி கொடுத்தாள். நாராயணப்பனும் சிரித்த முகம். கேஸைப் பற்றி மூச்சே விடவில்லை. எதிர்வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "நம்ம ஓசூர் வீட்டம்மா" என்று அறிமுகம் செய்தார். கிளம்பும்போது தட்டை வெறுமனே தரக் கூடாதென்று ஒவ்வொரு வருஷமும் ராமக்கா பழமும் பூவும் வைத்துத் தருவாள். இந்த வருஷம் அவரே எழுந்து வந்தார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தேங்காய், மேலே ஒரு ரூபாய் நாணயம். இரண்டு கையாலும் நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள்.

பஸ்ஸில் வரும்போது மனசு லேசாக இருந்தது. ஃபியூஸ் கட்டையை இந்த ஞாயிறு அவராகவே கொண்டுவந்துவிடுவார் என்று இவரிடம் சொன்னேன். சண்டைக்காரன் காலில் விழுந்தாலும் சாட்சிக்காரன் காலில் விழாதே என்று சும்மாவா சொன்னார்கள்?

25 டிசம்பர், புதன்

கிறிஸ்மஸ். நாராயணப்பன் கொடுத்த ரூபாயை அவர் பேரைச் சொல்லிக் காணிக்கைத் தட்டில் போட்டு ஜெபித்தேன். பழத்தைச் சாப்பிட்டோம். தேங்காய் குழம்புக்கு.

29 டிசம்பர், ஞாயிறு

வரவில்லை. வராமல் இருப்பது இதுதான் முதல் தடவை. நல்ல குறி என்கிறார் இவர்.

21 ஜனவரி 1986, செவ்வாய்

கோர்ட்டில் நாராயணப்பன் உட்கார்ந்திருந்தார்!

நோட்டீஸ் சேரவில்லை. பேப்பரில் போடவில்லை. தானாக வந்திருக்கிறார், வக்கீலோடு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். சமாதானம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து கும்பிடுகூடப் போட்டேன். மடைச்சி.

அவர் எதிர்மனுவில் இருந்ததை வெங்கடப்பன் வராந்தாவில் வைத்துப் படித்துக் காட்டினார். மனுதாரி ஜெபசீலி டிசம்பர் இருபத்து நாலாம் தேதி எதிராளி வீட்டுக்குத் தானாக வந்து, இரண்டு பெரியவர்கள் முன்னிலையில் தாம்பூலம் வாங்கி, யுகாதிக்குள் வீட்டைக் காலி செய்ய ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே இந்த மனுவுக்கு வேலை இல்லை.

"நான் ஒப்புக்கிடல சார். பலகாரம் குடுக்கத்தான் போனேன்!"

"அந்த ஆளோட பேசாதீங்கன்னு சொன்னேன் இல்ல?" வக்கீல் கத்தினதில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

22 ஜனவரி, புதன்

சுக்ராவிடம் சொன்னேன். வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ அக்கா, அது தெரியாதா ஒங்களுக்கு? ராமக்கா குடுத்தா அது மரியாதை. ஆம்பள, ரெண்டு பெரியவங்கள வச்சிகினு, வெத்தல மேல காசு வச்சிக் குடுத்தா, பேசினது முடிஞ்சுதுன்னு அர்த்தம். மாடு வித்தாலும், நெலம் வித்தாலும், பொண்ணு குடுத்தாலும் இந்தப் பக்கம் அதுதான்."

"பேசவே இல்லையே சுக்ரா, எதை முடிக்கதுக்கு?"

"மாசக்கணக்கா வாசல்ல நின்னுகினு பேசினாரே, அது ஒன்னுதான் ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த பேச்சு."

எங்கள் ஊரில் வெற்றிலை என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது. வேறென்ன தெரியும் எனக்கு? தெரியாமல் செய்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது என்று. அதனால்தான் நீட்டினார். முந்திரிக்கொத்து கொண்டுபோனேனே பாவி.

தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் பேச்சு முறிந்துவிடும் என்றாள் சுக்ரா. காசோடு கொடுக்க வேண்டும்.

26 ஜனவரி, ஞாயிறு

வந்தார். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், ஒரு ரூபாய் எல்லாம் தட்டில் வைத்து நீட்டினேன்.

கையைக் கட்டிக்கொண்டார். "நான் குடுத்த காசா இது?"

பொய் சொல்ல வராதே எனக்கு. "அது காணிக்கையில போட்டாச்சு" என்றேன்.

"என் காச ஒங்க சாமிக்கே குடுத்துட்டயா? அப்ப பேச்சு கெட்டியாயிடுச்சு" என்று சிரித்தார். இவர் தடியை ஓங்கிவிட்டார். நான் குறுக்கே விழுந்து பிடித்தேன். அடித்திருந்தால் அதற்கும் ஒரு கேஸ்.

18 பிப்ரவரி, செவ்வாய்

கூண்டில் ஏறினேன். பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம். தாம்பூலம் வாங்கவில்லை, பழம் மட்டும்தான் என்று சொல்லிவிடும்படி வெங்கடப்பன் நேற்றே சொல்லியிருந்தார்.

"வெற்றிலையில் ரூபாய் வைத்துக் கொடுத்ததை இரண்டு கையாலும் வாங்கினீர்களா?" என்றார் அவர்கள் வக்கீல்.

"வாங்கினேன்."

"எதற்கென்று நினைத்து வாங்கினீர்கள்?"

"கிறிஸ்மஸுக்குன்னு நெனச்சேன்."

கோர்ட்டே சிரித்தது. முன்சீப் மட்டும் சிரிக்கவில்லை. "ஏம்மா, காலி பண்றேன்னு வாயால சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை ஐயா என்றேன். எழுதிக்கொண்டார்.

அடுத்த சாட்சி சாந்த் பாஷா. கூப்பிட்டார்கள், ஆள் இல்லை. தீர்ப்புக்குத் தேதி போட்டார்கள். சாயங்காலம் கடைக்குப் போய்க் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் இரும்பை எடை போட்டுக்கொண்டே பேசினார்.

"தப்பா நெனக்காதம்மா. ஃபியூஸப் புடுங்கினது அநியாயம்தான். ஆனா நீ தாம்பூலம் வாங்கிட்ட. இனிமே நான் வந்து எந்த மூஞ்சிய வச்சிகினு பேசறது? நாளைக்கு என் பொண்ணு நிச்சயத்துக்கும் அதே வெத்தல, அதே பெரியவங்கதான்."

கீழே கிடந்த எடைக்கல்லை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

23 பிப்ரவரி, ஞாயிறு

சுக்ரா வீட்டுத் தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறது. அவளாகப் போட்டிருக்க மாட்டாள். தெருவில் ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை, ஏசவில்லை. பேச்சு மாறின பொம்பளை என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கோட்டை மேட்டுக் குழாயடியில் எனக்கு இடம் விடுகிறார்கள், பக்கத்தில் நிற்க ஒருத்தியும் இல்லை. திட்டினால் நானும் திட்டலாம். இதற்கு என்ன செய்ய?

இப்போது தினமும் அந்த மேட்டிலிருந்துதான் தண்ணீர் கொண்டுவருகிறேன்.

18 மார்ச், செவ்வாய்

தீர்ப்பு இல்லை. முன்சீப் மாற்றலாகிப் போகிறாராம். புது ஆள் வந்து படித்து எழுதவேண்டும்.

25 மார்ச், செவ்வாய்

தேர். ஊருக்கே லீவு. கோர்ட்டுக்கும்தான். நாராயணப்பன் குடும்பத்தோடு தேர் பார்க்க வந்தவர், வீட்டுக்கும் வந்து கட்டில் எத்தனை போடலாம் என்று டேப் வைத்து அளந்தார். எங்கள் கட்டிலை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினோம்.

6 ஏப்ரல், ஞாயிறு

"போயிருவோம் சீலி. தண்ணி சொமந்து ஒன் தோளு போச்சு. தோளும் போச்சுன்னா ரெண்டு பேருமா தடி ஊன்றதா?" என்றார் இவர். கெலமங்கலத்தில் ஒரு அறை இருக்கிறதாம், தரையோடு. கம்பெனி பஸ் அங்கே வராது. விடிவதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும்.

கோர்ட் போகச் சொல்லவில்லை. போலீஸ் போகச் சொல்லவில்லை. யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. பிறகு ஏன் போகிறோம்? தெரியல. முடியல. அவ்வளவுதான்.

8 ஏப்ரல், செவ்வாய்

நாளை மறுநாள் யுகாதி. சாமான் வண்டியில் ஏறியது. வக்கீலுக்குச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு ஸ்டாம்பு. சாவியை வாங்கிக்கொண்டு, சொன்ன சொல் காப்பாற்றினாய் என்று நாராயணப்பன் பாராட்டினார். நான் எந்தச் சொல்லும் சொல்லவில்லை என்று கடைசியாக ஒரு தரம் சொன்னேன். காதில் வாங்கினாரா தெரியாது, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை நன்றாக அடித்திருக்கிறீர்களே என்றார்.

வண்டி திரும்பும்போது சுக்ரா ஓடிவந்தாள். ஒரு குடம் தண்ணீரைப் பின்னால் ஏற்றிவிட்டுத் திரும்பி ஓடிவிட்டாள். கெலமங்கலம் போய்ச் சேர்வதற்குள் பாதி சிந்திவிட்டது.

9 ஏப்ரல், புதன்

புது வீட்டுக்காரம்மா தட்டில் வெற்றிலை பாக்கு கொண்டுவந்தாள். "இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "புதுசா வந்திருக்கீங்களே, அதுக்குத்தான்" என்றாள். எவ்வளவு வற்புறுத்தியும் கையை நீட்ட முடியவில்லை எனக்கு. இவர்தான் வாங்கிக்கொண்டார். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பாள்.

14 ஜூன், சனி

ஷிப்ட் முடிந்து கெலமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பார்த்தால் அமீனா முனிவேல். மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போகிறாராம்.

"எங்கம்மா போயிட்டீங்க? ஒங்களத் தேடிகினு போனேனே. கேஸு ஒங்க பக்கம் ஆயிடுச்சு. தாம்பூலமெல்லாம் சட்டத்துல கெடையாதுன்னு புது ஐயா எழுதிட்டாரு. ஒரு வாரத்துல கரண்ட் குடுக்கணும்னு ஆர்டரு."

எங்கே அந்த ஆர்டர் என்று கேட்டேன்.

"அந்த வீட்ல பசங்க இருக்கறாங்க. பட்டப்பகல்ல லைட்டு எரியுது, ஃபேனு சுத்துது. ஜெபசீலின்னு கேட்டேன், அப்பிடி யாரும் இல்லன்னுட்டானுங்க. மேற்படி விலாசத்துல ஆள் இல்லன்னு எழுதித் திருப்பிட்டேம்மா. வேற என்னா எழுதறது?"

"இப்ப இருக்கேனே, இங்கேயே குடுங்களேன்" என்றேன்.

"பேப்பரு ஆபீஸுக்குப் போயிடுச்சேம்மா. புது விலாசம்னு ஒரு மனு போட்டு, பேட்டா கட்டிடுங்க, கொண்டாந்து கையிலயே குடுத்துடறேன்" என்றார். நல்ல மனிதர். என் டிக்கெட்டையும் அவரே எடுத்தார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஜெயிச்சிட்டோமா?" என்று தடியை ஊன்றி எழுந்தே நின்றுவிட்டார்.

"ஜெயிச்சிட்டோம். அங்க நாம இல்லன்னு எழுதிட்டாங்க" என்றேன்.

மனு போடப்போவதில்லை. திங்கட்கிழமை முதல் ஷிப்ட், நாலரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.